அமெரிக்கப் பண்ணைக்கு 943 ரிட்டர்ன்: எஸ்.எஸ். காலனி ஆபீஸ்ல குடுத்த அனுபவம்

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம்லாம் வீட்டுல இருந்துக்கிட்டே அமெரிக்க கம்பெனிகளுக்கு கணக்கு எழுதுறவங்க இப்ப நெறைய பேரு இருக்கோம். அதுல பண்ணை கிளையன்ட் வச்சிருக்கவங்க கொஞ்சப் பேருதான், ஆனா டிசம்பர் முடிஞ்சு ஜனவரி பொறந்தா அந்தக் கொஞ்சப் பேருக்கும் ஒரே கேள்விதான், 943-ஐ, அதாவது பண்ணை ஆளுங்க சம்பள வரிக்கு வருஷத்துக்கு ஒருக்கா போடுற ரிட்டர்ன, யார்ட்ட குடுக்குறதுன்னு. நான் ரெண்டு பண்ணைக்கு கணக்கு பாக்குறேன், ஒண்ணு ஜார்ஜியால ப்ளூபெர்ரி தோட்டம், இன்னொன்னு பென்சில்வேனியால செடி வளத்து விக்கிற நர்சரி. வருஷம் பூரா வாரச் சம்பளம் நானே போட்டுருவேன், வருஷக் கடைசி ரிட்டர்ன் வேலைய மட்டும் எஸ்.எஸ். காலனில ஒரு மாடி ஆபீஸ்ல குடுக்குறேன். ஒரு அக்காவும் கூட நாலஞ்சு பசங்களும்தான் அங்க. அவங்க ரிட்டர்ன ரெடி பண்ணி குடுப்பாங்க, அமெரிக்காவுல இருக்க கிளையன்ட்டோட சிபிஏ (நம்ம ஊர் ஆடிட்டர் மாதிரி) பாத்து கையெழுத்து போட்டு ஏத்துவாரு, இதான் ஏற்பாடு.

ஆபீஸ் பேரு போடலைங்க. அக்காவே போடாதம்மான்னு சொல்லிட்டாங்க, ஜனவரில வர்ற வேலைய முடிக்கவே ஆள் பத்தல, புதுசா நாப்பது பேரு போன் பண்ணா இருக்கவங்களுக்கு ஒழுங்கா பண்ண முடியாதுன்னாங்க. இந்த தொழில்ல இருக்கவங்க காளவாசல் பக்கம் நாலு பேர்ட்ட விசாரிச்சாலே கண்டுபிடிச்சிருவீங்க. கண்டுபிடிக்காட்டியும் பரவாயில்ல, ஒரு நல்ல 943 சர்வீஸ் என்னென்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டா நீங்க எங்க குடுத்தாலும் உங்களுக்கு உதவும், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். அமெரிக்காவுல சாதாரண கம்பெனி, சம்பளத்துல பிடிச்ச வரிய மூணு மாசத்துக்கு ஒருக்கா 941-ல காட்டும். பண்ணை வேலையாளுக்கு குடுத்த சம்பளத்துக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரே ரிட்டர்ன், அதான் 943. சோஷியல் செக்யூரிட்டிக்கு (அங்கத்து அரசு பென்ஷன் திட்டம்) வேலையாள்ட்ட இருந்து 6.2 சதவீதம், முதலாளி கையில இருந்து இன்னொரு 6.2, மெடிகேருக்கு (வயசானவங்களுக்கான மருத்துவக் காப்பீடு) ரெண்டு பக்கமும் 1.45, அது போக வருமான வரி பிடிச்சிருந்தா அதுவும். கடைசி நாள் ஜனவரி 31, இந்த 2026-ல அது சனிக்கிழமையா போனதால பிப்ரவரி 2. வருஷம் பூரா டெபாசிட்ட, அதாவது அந்த வரிய அப்பப்ப அரசுக்கு கட்டுற காச, நேரத்துக்கு முழுசா கட்டியிருந்தா பிப்ரவரி 10 வரைக்கும் டைம் உண்டு. ஃபார்ம் என்னமோ சின்னதுதான், அதப் பாத்துட்டுதான் எல்லாரும் இது ஒரு மணி நேர வேலைன்னு நெனச்சுடுறாங்க. கூட்டிப் போடுறதுல ஒண்ணுமே இல்லைங்க, எந்த சாஃப்ட்வேரும் கூட்டிரும். யாரு பண்ணை ஆளு யாரு இல்ல, எந்தக் காசு சம்பளம் எது இல்லைன்னு பிரிக்கிறதுலதான் மொத்த வேலையும் இருக்கு.

ஜார்ஜியா கிளையன்ட் எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு பெரிய சர்வீஸ்ல இருந்தாரு. அவங்க பண்ணைங்கிற விஷயத்தையே கண்டுக்கல, பழம் பறிக்கிற ஆளுங்க எல்லாரையும் தூக்கி 941-ல போட்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா அழகா ஏத்திக்கிட்டே இருந்திருக்காங்க, டெபாசிட்டும் 941 பேர்லயே போயிருக்கு. ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) கணக்குல இந்தாளு 943 போட வேண்டியவருன்னு இருக்கு, அது வரவே இல்லைன்னு லெட்டர் மேல லெட்டர். காசு பூரா கட்டியாச்சு, ஆனா கட்டுன காசு வேற பெட்டில கெடக்கு. 941-எக்ஸ்னு திருத்த ஃபார்ம் போட்டு அங்கிட்டு இருந்து எடுத்து, 943 புதுசா போட்டு, டெபாசிட்ட இங்கிட்டு மாத்தச் சொல்லி எழுதி, அந்த மனுஷன் பட்ட பாட்ட என்ட்ட சொல்லும்போது கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்க ஆளுங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு அந்த சர்வீஸ் கேட்டிருந்தா இது எதுவுமே வந்திருக்காது.

எஸ்.எஸ். காலனி அக்காட்ட எனக்கு பிடிச்சதே அந்தக் கேள்விதான். நம்ம கொண்டு போற எக்செல் ஷீட்ட வாங்கி ஓரமா வச்சிருவாங்க. மொதல்ல ஒரு நீளமான பேப்பர எடுத்து மேசைல விரிப்பாங்க, இடது ஓரத்துல பேரு, அப்புறம் கட்டம் கட்டமா, என்ன வேலை, எந்த எடத்துல, முதலாளிக்கு என்ன ஒறவு, விசா என்ன, தங்குறது எங்க, கூலி நாளுக்கா மணிக்கா இல்ல எடைக்கா. பென்சில்லதான் எழுதுவாங்க. ஒவ்வொரு பேரா நம்மட்ட கேப்பாங்க, தெரியலைன்னு சொன்னா அந்தக் கட்டத்துல வட்டம் போட்டு கிளையன்ட்ட கேட்டுட்டு வாம்மான்னு அனுப்பிருவாங்க. வட்டம் எல்லாம் அழியுற வரைக்கும் கம்ப்யூட்டர தொட மாட்டாங்க. மொத தடவை போறப்ப எனக்கு இது என்னடா இம்புட்டு மெதுவா இருக்கேன்னுதான் தோணுச்சு, ஆனா ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரு விஷயம் ஒளிஞ்சிருந்துச்சு.

உதாரணத்துக்கு நர்சரி. செடிய பதியம் போட்டு வளக்குறவங்க பண்ணை ஆளுங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதே காம்பவுண்டுக்குள்ள ஒரு கடை இருக்கு, வெளில வாங்குன தொட்டி, உரம், மண்வெட்டி எல்லாம் வச்சு விக்கிறாங்க, அங்க ஒரு லேடி நாள் பூரா கவுண்டர்ல. நர்சரி சம்பளப் பட்டியல்ல அவங்க பேரும் கூடவேதான் இருக்கு. அக்கா பென்சில அந்தப் பேர்ல வச்சு, "இவங்க செடியத் தொடுறாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, பில்லு மட்டும்தான்னு சொன்னேன். "அப்ப இவங்க 943-ல வர மாட்டாங்க, 941-தான்." வளக்குற வேலை எதுவும் இல்லாம வாங்கி விக்கிற சில்லறைக் கடை பண்ணை வேலைல சேராது, அதனால ஒரே முதலாளி ரெண்டு ஃபார்மும் போடணும், ரெண்டையும் கலக்கவே கூடாது.

முதலாளியோட பையன் ஒருத்தன் இருக்கான் ப்ளூபெர்ரி தோட்டத்துல, 16 வயசு, லீவுல வேலை பாத்து சம்பளம் வாங்குறான். அக்கா மொதல்ல கேட்டது பையன் வயச இல்ல, பண்ணை யார் பேர்ல இருக்குன்னு. அப்பா தனியா அவர் பேர்லயே நடத்துனா, 18 வயசு ஆகுற வரைக்கும் பையனுக்கு குடுக்குற சம்பளத்துக்கு சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் கெடையாது. பார்ட்னர்ஷிப்னா பார்ட்னர் எல்லாருமே அந்தப் பையனோட அப்பா அம்மாவா இருந்தாத்தான் அந்தச் சலுகை. கார்ப்பரேஷனா இருந்தா பையனும் மத்தவங்க மாதிரி ஒரு ஆளுதான். நான் கேட்டு சொன்னேன், கார்ப்பரேஷன். அப்ப வரி உண்டு. ஒரே பையன், ஒரே வேலை, பத்திரத்துல இருக்க பேர வச்சு கணக்கே மாறுது பாருங்க.

எச்-2ஏ விசா ஆளுங்க விஷயத்துல அவங்க காட்டுன கவனம் இருக்கே, அதுக்காகவே காசு குடுக்கலாம். ஜார்ஜியால பழ சீசனுக்கு மெக்சிகோல இருந்து இந்த விசால ஆளுங்க வருவாங்க. அவங்க சம்பளத்துக்கு சோஷியல் செக்யூரிட்டியும் கெடையாது மெடிகேரும் கெடையாது, வருமான வரி கூட கட்டாயமா பிடிக்க வேண்டியதில்ல, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு பிடிச்சா பிடிக்கலாம், அவ்வளவுதான். சாஃப்ட்வேர்ல புது ஆளச் சேக்கும்போது விசா வகைய டிக் பண்ணாம விட்டா அது பாட்டுக்கு 7.65 சதவீதம் பிடிச்சுக்கிட்டே போகும். வெயில்ல நின்னு பறிச்ச மனுஷன் காசுங்க அது, சீசன் முடிஞ்சு அவரு ஊருக்குப் போயிட்டாருன்னா தேடிப் பிடிச்சு திருப்பிக் குடுக்குறது எவ்வளவு செரமம். அதனால அக்கா ஆபீஸ்ல எச்-2ஏ ஆளுங்க எல்லாரையும் தனி ஷீட்டுல எழுதி, அவங்க டபிள்யூ-2-ல (ஒவ்வொரு ஆளுக்கும் குடுக்குற வருஷச் சம்பள ஃபார்ம்) மொத கட்டத்துல சம்பளம் இருக்கா, சோஷியல் செக்யூரிட்டி கட்டமும் மெடிகேர் கட்டமும் காலியா இருக்கான்னு ஒவ்வொண்ணா ரெண்டு பேரு பாக்குறாங்க.

அதுலயே இன்னொரு சிக்கலும் இருக்கு. எச்-2ஏ ஆளு ஒருத்தருக்கு 2025-ல 600 டாலரோ அதுக்கு மேலயோ குடுத்திருந்து, அவரு வரிக்கான நம்பர் எதுவும் குடுக்கலைன்னா 24 சதவீதம் பிடிக்கணும், அது டபிள்யூ-2-ல வராது 1099-ங்கிற ஃபார்ம்ல வரும், கட்டுற வரி 943-லயும் வராது, 945-னு தனி ரிட்டர்ன். எங்க பண்ணைல ஒருத்தருக்கு கார்டு வர லேட்டாச்சு. அக்கா நவம்பர்லயே போன் போட்டு அந்தத் தம்பிக்கு நம்பர் வந்துருச்சாம்மான்னு கேட்டாங்க, அப்ப இருந்தே முதலாளி பின்னாடி நின்னதால டிசம்பருக்குள்ள வந்து சேந்துச்சு. அது என் கிளையன்ட், என் வேலை, அவங்களுக்கு சீசனே ஆரம்பிக்கல, ஆனா ஞாபகம் வச்சு கேட்டாங்க.

எடைக்கு கூலி வாங்குறவங்களுக்கு ஒரு தனி விதி இருக்கு, அத எனக்கு அவங்க சொல்லிக் குடுத்த விதம் ரொம்ப நல்லா இருந்துச்சு. பொதுவா ஒரு ஆளுக்கு வருஷத்துல 150 டாலர் ரொக்கமா குடுத்தாலோ, இல்ல மொத்த பண்ணை ஆளுங்களுக்கும் சேத்து 2,500 டாலர் ஆனாலோ, சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பிடிக்கணும். இந்த 2,500-ல இருந்து ஒரு வகை ஆளுங்களுக்கு விலக்கு உண்டு. உசிலம்பட்டி பக்கம் விடியக்காலைல மல்லிகைப்பூ எடுக்கப் போற அம்மாக்களை நெனச்சுக்கோன்னாங்க. கையாலயே பறிக்கணும், கூலி எடைக்கு எடை, தினம் சொந்த வீட்டுல இருந்து வந்துட்டு போகணும், போன வருஷம் 13 வாரத்துக்கும் கம்மியா பண்ணை வேலை பாத்திருக்கணும், வருஷக் கூலி 150 டாலருக்குள்ள இருக்கணும். இம்புட்டும் சேந்து இருந்தாத்தான் விலக்கு, ஒண்ணு தவறுனாலும் கெடையாது. ஆனா அவங்களுக்கு குடுத்த காச அந்த 2,500 கணக்குல சேத்துக்கணும், இதத்தான் பாதிப் பேரு விட்டுடுறாங்க. நம்ம ஊர்ப் பூக்காட்டோட சேத்து சொன்னதால எனக்கு மனசுல நின்னுருச்சு, இப்ப கிளையன்ட் கேட்டா நானே விளக்குறேன்.

சம்பளத்துக்குப் பதிலா பொருளா குடுக்குறதும் உண்டு, பழப் பெட்டி, விறகு, அந்த மாதிரி. பண்ணை வேலைக்கு பொருளா குடுத்தா சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வராது, ஆனா டபிள்யூ-2 மொத கட்டத்துல அது வருமானமா ஏறணும். அதனால மொத கட்டத்துக்கும் மூணாவதா இருக்க சோஷியல் செக்யூரிட்டி சம்பளக் கட்டத்துக்கும் வித்தியாசம் வரும், வரணும். ஒரு தடவை அந்த ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு நெனச்சு சமமாக்கப் போனாரு, அக்கா நிறுத்தி, வித்தியாசம் எதுனால வந்துச்சுன்னு எழுது, அத அழிக்காதன்னாங்க. அந்தத் தம்பிட்ட கோவப்படாம பக்கத்துல உக்காந்து ஒரு ஒரு வாரமா பிரிச்சுக் காட்டுனாங்க.

ஃபார்ம்ல மொத வரிலயே எத்தனை பண்ணை ஆளுங்கன்னு கேப்பாங்க. வருஷம் பூரா வந்து போன எல்லாரையும் அங்க எண்ணிப் போட்டுடுறாங்க நெறைய பேரு. அது அப்படி இல்லைங்க, மார்ச் 12 எந்த சம்பள வாரத்துல வருதோ அந்த வாரத்துல சம்பளம் வாங்குன தலைங்க மட்டும்தான். ஜார்ஜியால பழம் பறிப்பே ஏப்ரலுக்கு மேலதான் சூடு பிடிக்கும், அதனால எங்க பண்ணைக்கு அந்த எண்ணிக்கை ரொம்பக் கம்மியாத்தான் வரும், அத பாத்துட்டு தப்போன்னு பதற வேண்டாம்.

டெபாசிட் பத்தி கட்டாயம் சொல்லணும், ஏன்னா அபராதம் வர்றது முக்காவாசி இங்க இருந்துதான். ரெண்டு வருஷத்துக்கு முந்துன மொத்த வரி 50,000 டாலருக்குள்ள இருந்தா மாசாமாசம் கட்டலாம், அடுத்த மாசம் 15-க்குள்ள. 2025-க்கு பாக்க வேண்டியது 2023. அதுக்கு மேல இருந்தா வாரத்துக்குள்ளயே கட்டணும், 943 கூட 943-ஏ-ன்னு ஒரு ஷீட்டும் வைக்கணும். அந்த ஷீட்டுல எழுத வேண்டியது காசு கட்டுன தேதி இல்ல, சம்பளம் குடுத்த தேதில எவ்வளவு வரி உண்டாச்சோ அது. இத மாத்தி எழுதிட்டா நேரத்துக்கு கட்டியிருந்தும் கட்டலைன்னு கணக்காகி லெட்டர் வரும். லேட்டானா அஞ்சு நாள் வரைக்கும் 2 சதவீதம், பதினஞ்சு நாள் வரைக்கும் 5, அதுக்கு மேல 10, நோட்டீஸ் வந்தும் கட்டலைன்னா 15.

இதுல நம்ம ஊர்ல இருந்து பண்றவங்களுக்கு நேரக் கணக்கு வேற இருக்கு. இஎஃப்டிபிஎஸ்-ல (அமெரிக்க அரசுக்கு ஆன்லைன்ல வரி கட்டுற எடம்) காசு கட்டணும்னா கெடு நாளுக்கு மொத நாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள, அதுவும் அமெரிக்க கிழக்குப் பக்க நேரத்துக்கு, பதிஞ்சிருக்கணும். குளிர்காலத்துல அது நமக்கு விடியக்காலை ஆறரை. டிசம்பர் சம்பளத்துக்கு கெடு ஜனவரி 15, அதாவது நமக்கு நல்ல பொங்கல் நேரம். வாசல்ல கோலம் போட்டு பானை ஏத்துற நேரத்துல லேப்டாப்ப தொறந்து வச்சுக்கிட்டு ஓடிபி கேட்டு கிளையன்ட்ட எழுப்ப முடியுமா. பசங்க வேற அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு மாடு பாக்க போயிருவாங்க, ஆபீஸ்ல ஆளே இருக்காது. அக்கா ஆபீஸ்ல டிசம்பர் கடைசி சம்பளம் ஓடுன ஒடனே தொகைய கணக்குப் போட்டு கிளையன்ட்டுக்கு அனுப்பி, முன்கூட்டியே தேதி போட்டு பதிய வச்சு, பதிஞ்ச நம்பர வாங்கி ஃபைல்ல ஒட்டிருவாங்க. பொங்கலுக்கு ஆபீஸ் நாலு நாள் பூட்டு, ஆனா ஒரு டெபாசிட் கூட தவறல. இத நான் பெரிய விஷயமா பாக்குறேன்.

கடைசி வேலை கணக்க ஒத்துப் பாக்குறது. 943-ல இருக்க சோஷியல் செக்யூரிட்டி சம்பளம், மெடிகேர் சம்பளம், பிடிச்ச வரி எல்லாம் டபிள்யூ-3 (எல்லா டபிள்யூ-2-வையும் சேத்துக் காட்டுற ஃபார்ம்) கூட்டுத்தொகையோட பொருந்தணும், டபிள்யூ-3-ல 943-ங்கிற கட்டத்த டிக் பண்ணியிருக்கணும். பைசா வித்தியாசம் வந்தா அது ரவுண்டிங்ல வந்ததான்னு பாத்து அதுக்குன்னு இருக்க வரில சரி பண்ணுவாங்க, ரவுண்டிங்னு சும்மா சொல்லிட்டு தள்ளி விட மாட்டாங்க. போன சீசன்ல எங்களுக்கு ஒரு வித்தியாசம் வந்துச்சு, ரவுண்டிங்க விட பெருசு. சாயங்காலம் ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் தேடுனாங்க. எச்-2ஏ விசால வராத ஒரு ஆளு ரெண்டு பேர்ல இருந்தாரு பட்டியல்ல, ஒண்ணுல அப்பா பேரும் அம்மா பேரும் சேத்து எழுதியிருக்கு, இன்னொண்ணுல அப்பா பேரு மட்டும், மெக்சிகோ ஆளுங்க பேருல இது அடிக்கடி நடக்கும். ஒரு வாரச் சம்பளம் அந்த ரெண்டாவது பேருல போயி நம்பர் இல்லாம தனியா நின்னுச்சு.

அன்னைக்கு அக்கா சொன்னது எனக்கு நெஞ்சுல பட்டுச்சு. "முதலாளிக்கு இது ஒரு வரி, அந்த ஆளுக்கு இது பென்ஷன்ம்மா"ன்னாங்க. உண்மைதான். அங்க ரிட்டயர்மென்ட் பென்ஷன் வாங்க 40 கிரெடிட் சேரணும், 2025-ல 1,810 டாலர் சம்பாதிச்சா ஒரு கிரெடிட், வருஷத்துக்கு அதிகபட்சம் நாலு. வருஷத்துல சில மாசம் மட்டும் பண்ணை வேலை கெடைக்கிற ஒருத்தருக்கு நாலு கிரெடிட்டுக்கான 7,240 டாலர எட்டுறதே பெரிய பாடு. பேரும் நம்பரும் பொருந்தலைன்னா அந்தச் சம்பளம் அவரு கணக்குல ஏறாம யாருக்கும் சேராத தொகைன்னு தனியா ஒதுங்கிரும். வயசான காலத்துல போயி நான் அந்தத் தோட்டத்துல வேலை பாத்தேன்னு அவரு எங்க நிரூபிப்பாரு? நம்ம பாக்குற ஒரு எழுத்துல ஒரு குடும்பத்தோட பிற்காலம் இருக்குன்னா அந்த வேலைக்கு ஒரு ராத்திரி முழிக்கிறது நியாயம்தானங்க.

இனி குறைகள். மொதல்ல ரேட்டு. ரிட்டர்னுக்கு ஒரு தொகை, டபிள்யூ-2 ஒண்ணுக்கு இவ்வளவுன்னு தனி, எச்-2ஏ ஆளுங்கன்னா கொஞ்சம் கூட. ஃபார்முக்கு இத்தனை டாலர்னு வாங்குற ஆன்லைன் சைட்டுகளோட ஒப்பிட்டா ரெண்டு மூணு மடங்கு வரும், பாதி முன்பணம் வேற. பேரம் பேசுனா சிரிச்சுக்கிட்டே முடியாதும்மான்னுருவாங்க. என்னைப் பொறுத்த வரைக்கும் குடுக்கலாம், ஆனா சின்ன கிளையன்ட் வச்சிருக்கவங்களுக்கு இது கட்டுப்படியாகாது.

ரெண்டாவது, போன். ஜனவரில மத்தியானத்துக்கு மேல போன் பண்ணா எடுக்கவே மாட்டாங்க, ராத்திரி அமெரிக்கா கூட பேசுறதால பகல்ல பாதிப் பேரு தூக்கம். மெசேஜ் போட்டா மறுநாள் பதில் வரும். நமக்கு அந்தப் பக்கம் கிளையன்ட் குதிச்சுக்கிட்டு இருக்கும்போது இது ரொம்ப டென்ஷன். ஒரு ஆள போனுக்குன்னே உக்கார வைக்கணும், நான் நேர்லயும் சொல்லிட்டேன், இங்கயும் சொல்றேன்.

மூணாவது, மாநில வேலை எதுவும் எடுக்க மாட்டாங்க. ஜார்ஜியாவுக்கு குடுக்க வேண்டியது, பென்சில்வேனியாவுக்கு குடுக்க வேண்டியது எல்லாம் நம்ம பாடு. ஃபெடரல் (மத்திய அரசு) வேலைங்கிறதால, வேலையில்லாதவங்க காப்பீட்டு வரிக்கு 940 போடுவாங்க, அதுலயும் நல்லா பாத்துதான் போடுறாங்க, ஒரு காலாண்டுல 20,000 டாலர் ரொக்கச் சம்பளம் தாண்டுச்சா, இல்ல இருபது வாரத்துல பத்து ஆளு இருந்தாங்களான்னு பாத்து, எச்-2ஏ ஆளுங்கள அந்த எண்ணிக்கைல சேத்து, வரி போடுறப்ப மட்டும் அவங்கள விட்டு. அது வரைக்கும் சரி. ஆனா மாநிலத்தையும் சேத்து எடுத்தா நமக்கு ரெண்டு எடத்துக்கு அலைய வேண்டாம்.

எடமும் சின்னது, படிக்கட்டு செங்குத்தா இருக்கும், முட்டி வலி உள்ளவங்க கீழ இருந்தே கூப்பிட்டா யாராவது எறங்கி வந்து பேப்பர வாங்கிக்குவாங்க. வண்டி நிறுத்த தெருவுலதான் எடம் பாக்கணும். இதெல்லாம் ஒரு பொருட்டில்ல.

ஒரு விஷயத்துல அவங்க ரொம்ப கறாரு, நான் அத நல்லதுன்னே சொல்லுவேன். வேலையாளுங்களோட எஸ்எஸ்என்ன (சோஷியல் செக்யூரிட்டி நம்பர) வாட்ஸாப்ல அனுப்புனா தொறந்தே பாக்க மாட்டாங்க, அழிச்சுட்டு பாஸ்வேர்டு போட்ட ஃபோல்டர்ல போடுன்னுருவாங்க. பிரிண்ட் எடுத்த பேப்பர் எதையும் வெளில கொண்டு போக விட மாட்டாங்க, வேலை முடிஞ்சதும் அங்கயே கிழிக்கிற மெஷின்ல போயிரும். அவசரத்துல போட்டோ எடுத்து அனுப்பி பழகுனவங்களுக்கு எரிச்சலா இருக்கும், ஆனா கடல் தாண்டி இருக்க ஆளோட நம்பரு, அது நம்ம போன்ல கெடக்குறது சரியில்ல.

யாருக்கு இந்த சர்வீஸ் தேவை இல்லைன்னும் சொல்லிடுறேன். கிளையன்ட்ட மூணு நாலு ஆளுங்கதான், எல்லாரும் உள்ளூர் ஆளுங்க, விசா இல்ல, ஒறவு இல்ல, கடை இல்ல, கூலி மணிக்கு இவ்வளவுன்னா, நீங்களே போட்ரலாம். ஐஆர்எஸ் பப்ளிகேஷன் 15-ஐ எறக்கிக்கோங்க, சும்மாவே கெடைக்கும். பண்ணைக்குன்னு முன்னாடி தனியா பப்ளிகேஷன் 51-னு ஒண்ணு இருந்துச்சு, அத நிறுத்தி 15-லயே சேத்துட்டாங்க, அதனால யாராவது பழைய 51-ஐ அனுப்புனா அத வச்சு வேலை பாக்காதீங்க. வருஷ மொத்த வரி 2,500 டாலருக்குள்ள இருந்தா ரிட்டர்னோடயே சேத்து கட்டிரலாம், டெபாசிட் தொல்லையும் இல்ல. டபிள்யூ-2 மாதிரி ஃபார்ம் எல்லாம் சேத்து பத்து வந்துருச்சுன்னா கண்டிப்பா ஆன்லைன்லதான் ஏத்தணும், அத மட்டும் பாத்துக்கோங்க.

எச்-2ஏ ஆளுங்க இருந்தா, இல்ல கடையும் தோட்டமும் சேந்து இருந்தா, இல்ல 943-ஏ போடுற அளவுக்கு பெரிய பண்ணையா இருந்தா, யோசிக்காம இப்படி கேள்வி கேக்குற ஆபீஸா பாத்து குடுங்க. குடுக்கும்போது டிசம்பர் மொத வாரமே போயிருங்க, பொங்கலுக்கு அப்புறம் புது ஆளு எடுக்க மாட்டாங்க. கையோட கொண்டு போக வேண்டியது வருஷம் பூரா சம்பளப் பட்டியல், ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் ரசீது நம்பர், விசா ஆளுங்க லிஸ்ட் தனியா, பண்ணை யார் பேர்ல எந்த வகைல பதிஞ்சிருக்குங்கிற பேப்பர், பொருளா குடுத்ததுக்கு ஒரு குறிப்பு. மார்ச் 12 இருக்க சம்பள வாரத்த ஹைலைட் பண்ணி வச்சுக்கோங்க, அது ஒண்ணுக்கே தனியா திருப்பி அனுப்புவாங்க. காலைல பதினோரு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் அக்கா கட்டாயம் ஆபீஸ்ல இருப்பாங்க, அந்த நேரத்துல போனா அவங்களே உக்காந்து அந்த நீளப் பேப்பர விரிச்சு பாப்பாங்க, சாயங்காலம் போனா பசங்கதான் வாங்கி வைப்பாங்க.